காந்த மெஷினும் மஞ்சள் கயிறும்

நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியது பெரும்பாலும் மளிகைச் சீட்டுதான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்காருவது, அழைப்பில்லாத கல்யாணத்தில் பந்தியில் உட்காருவது மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தோள்பட்டை வலியில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பேச ஆள் இருந்திருந்தால் பேசிவிட்டு விட்டிருப்பேன்.

காரைக்குடியில் அம்மா இருந்த வீட்டில் அவர் போன பிறகு தனியாக இருக்கிறேன். ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட கொஞ்சம் இடம். அப்பா நகை வேலை செய்தவர். அவர் முன்பே போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒரு காலத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கானாடுகாத்தானில் பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறார்கள். அங்கே துணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் துவைக்கப் போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்க வேண்டும். விருந்தாளிகள் கண்ணில் படாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

ஈரமான பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போடும்போது வலது தோளில் ஒருநாள் சுருக்கென்றது. பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். அடுத்த மாதம் கை தோளுக்கு மேலே ஏறவில்லை. அதற்கடுத்த மாதம் முதுகுப் பக்கமும் போகவில்லை. எலும்பு டாக்டர் கையைப் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, "ஃப்ரோசன் ஷோல்டர். சுகர் இருக்குல்ல, அதான்" என்றார். தோள்மூட்டு இறுகிப் போயிருக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். ஹோட்டலில் மேனேஜர் என்னைக் கொடிப்பக்கம் போக விடவில்லை. உட்கார்ந்து கைத்துண்டு மடிக்கச் சொன்னார்.

வேலையைக்கூட அப்படிச் சமாளித்துவிடலாம். தலைமுடியைச் சமாளிக்க முடியவில்லை. பின்னல் போட இரண்டு கையும் பின்னால் போக வேண்டும். இடது கையால் மட்டும் முடியை ஒரு பக்கமாக இழுத்து ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டேன். அது மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். அவர்களுக்கு அது கொஞ்ச நேர வேலை. ஆனால் தினமும் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வாசலில் போய் நிற்க எனக்கு வரவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக வந்த தம்பி என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டான். அவன் திருப்பூரில் இருக்கிறான். நல்ல பையன்தான்.

"என்னக்கா இது, பேய் மாதிரி தலையோட நிக்கிற?"

"கை தூக்க முடியல."

"இங்குட்டு ஒத்தையில கிடந்து என்ன செய்யப் போற? விழுந்து கிடந்தாக்கூட யாருக்கும் தெரியாது. எங்ககூட வந்துரு."

"சரியாயிரும்டா. மெஷின் வைக்கச் சொல்லியிருக்காக."

"கோடை லீவு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கை மேல ஏறலைன்னா காரை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் பேச்சே இல்ல."

அவன் வீட்டில் முன்பு சில நாள் இருந்திருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஆளுக்கொரு போனோடு இருப்பார்கள். குளியலறைக்கு எப்போது போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கும் என்று தெரியாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, டிவியில் அவர்கள் வைத்ததைப் பார்த்தேன். ஊருக்கு வந்து என் கதவை நானே திறந்து உள்ளே போனதும் ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தேன். தனியாக இருப்பது எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல வரவில்லை. பல சாயங்காலம் கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் இது என் வீடு. கை ஏறினால் இங்கே இருக்கலாம். ஏறாவிட்டால் அந்த சோபா ஓரம்.

பிசியோதெரபி நடத்துபவர் இளம்பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பெண்கள் பகுதியில் இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு திரை. முதல் நாள் என்னைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளைக் கேட்டார்.

"இதயத்துல பேஸ்மேக்கர் ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?"

"இல்லம்மா."

"உடம்புல பிளேட், ஸ்க்ரூ?"

"இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

திரைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். "ஏம்மா, அவுக உள்ள வந்தப்பவே நரைச்ச தலைய நான் பாத்தேன், ஒனக்குத் தெரியலையா? என்னையும் இதே கேள்வி கேட்ட. நான் பேரன் எடுத்தவ!"

"எல்லார்கிட்டயும் கேக்கணும் ஆன்ட்டி. ரூல்."

"கேளு கேளு. கேக்கவாவது நல்லா இருக்கு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்து, தோள், கழுத்துப் பக்கம் இருக்கும் உலோகத்தையெல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போடச் சொன்னார். செயின், கம்மல் எதுவும் நான் போடுவதில்லை. சேலையைத் தோளில் குத்தியிருந்த ஊக்கு ஒன்றுதான் இருந்தது. அதைக் கழற்றிப் போட்டேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான்."

அரம் போட்ட தூளில் கலந்திருக்கும் இரும்பைப் பிரிக்க அப்பா ஒரு காந்தம் வைத்திருந்தார். அதைத் தூள்மேல் காட்டினால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். தங்கம் அப்படியே கிடக்கும். இந்தக் காந்த மெஷினும் அதுமாதிரி வலியை இழுத்து வெளியே எடுத்துவிடும் என்று நான் மனதில் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மிக்சி அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வயர், வயர் நுனியில் இரண்டு வட்டத் தட்டு. தோளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துப் பட்டையால் கட்டினார். டக், டக், டக் என்று மெல்லிய சத்தம். சூடு இல்லை, இழுக்கவில்லை, எதுவுமே தெரியவில்லை.

"ஓடுதாம்மா?" என்று கேட்டேன்.

"ஓடுது. காந்தம் விட்டு விட்டுத் துடிக்கும், உங்களுக்குத் தெரியாது. இதுல வலியும் இறுக்கமும் கொஞ்சம் குறையலாம். சிலருக்கு நல்லா கேக்கும், சிலருக்கு அவ்வளவா கேக்காது. இது துணைக்குத்தான். வீட்டுல பயிற்சி செய்யலேன்னா இதை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்ல."

சுவர் ஓரம் நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். அதுதான் பயிற்சி. எதுவரைக்கும் ஏறியதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொன்னார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "அந்தத் திரையை விலக்கும்மா. ஊமையாக் கிடக்க நமக்கு ஆகாது."

திரையை விலக்கினார்கள். அந்தக் குரலுக்குரியவருக்கு அறுபது வயது இருக்கும். நெற்குப்பையிலிருந்து வருகிறவர். விவசாயக் குடும்பம். அவருக்கு இடது தோள், அதோடு கழுத்தும். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, ஒத்த ஊக்கா? குடுத்து வச்சவ. எனக்குக் கழட்டி மாட்டவே பாதி நேரம் போயிருது. வீட்டுக்காரவுக என்ன செய்றாக?"

"இல்லக்கா."

அக்கா முகம் மாறிவிட்டது. "அடப்பாவமே. எப்பத்தா?"

"அப்படி இல்லக்கா. கல்யாணமே ஆகல."

"ஆத்தாடி! அதை மொதல்ல சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு ஒரு மனுசனைச் சாகடிச்சுட்டேனே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்ததில் தோள் வலித்தது.

அதன்பிறகு தினமும் மெஷின் ஓடுகிற நேரம் முழுவதும் அக்கா பேசுவார், நான் கேட்பேன். மருமகள் வைக்கும் குழம்பு, கண்மாயில் தண்ணீர் இல்லாதது, வீட்டுக்காரரின் குறட்டை. நான் அதிகம் பேசவில்லை. ஆனால் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, நாளைக்குக் காலையில் அக்காவிடம் இதைச் சொல்லலாம் என்று ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டுச் சுவரில் பென்சில் கோடும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. மெஷினாலா, சுவராலா, மாத்திரையாலா என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தாலியைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. அதனால் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை முதலில் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தாலிச் செயினைக் கழற்றுவார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போதும் இங்கே பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். தினமும் மருமகள் பஸ்ஸில் வந்து கட்டிவிட்டு, வெளியே காத்திருந்து, முடிந்ததும் அவிழ்த்துவிடுவாள்.

ஒருநாள் மருமகள் வரவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கை பின்னால் போனால்தானே கட்ட முடியும்.

"நான் கட்டட்டுமா ஆன்ட்டி?" என்றார் பிசியோதெரபிப் பெண்.

"நீ வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ, ஒங்கள்ல இந்தப் பழக்கம் இல்ல. ஒன்னைச் சங்கடப்படுத்த வேணாம்."

முழங்காலுக்கு மெஷின் வைக்க வரும் வயதான அம்மா ஒருவர் நாற்காலியில் இருந்தார். அக்கா கேட்பதற்கு முன்பே அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்னையப் பாக்காத. அவுக போய்ச் சேந்துட்டாக. நான் தொடப்படாது."

"அங்கிளையே கூப்பிடலாமே. கட்டினவரே கட்டட்டும்" என்றார் பிசியோதெரபிப் பெண்.

"அவுகளையா? ஒரு தடவ கட்டுனதுக்கே இன்னும் பொலம்புறாக. மறுபடி கட்டச் சொன்னா பைக்கை எடுத்துட்டு ஓடியே போயிருவாக." அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ வந்து கட்டு."

நான் பயந்துபோனேன். "நானாக்கா? நான் கட்டிக்கிட்டதே இல்லையே."

"அதனால என்ன? கன்னிப்பொண்ணு கட்டுனா தோசமில்ல."

முழங்கால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "கன்னிப்பொண்ணுன்னா சின்னப்பிள்ளையச் சொல்றது. இவுகளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும் போலயே?"

"ஐம்பது தாண்டுனா கன்னி இல்லைன்னு ஆரு சொன்னா? சர்க்கார்ல ரிட்டயர் பண்ணிவிட்டுருவாகளா?"

"அப்படிச் சொல்லலத்தா. இதுக்கு ஒரு கணக்கு இருக்கும்ல. தெரிஞ்சவுகளக் கேட்டுத்தான் செய்யணும்."

"கேட்டுட்டு வாரதுக்குள்ள மெஷினுக்கே வயசாயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுமங்கலிக்கு ஒரு முறை இருக்கிறது. புருஷனை இழந்தவளுக்கு ஒரு முறை இருக்கிறது. சின்னப் பெண்ணுக்கும் இருக்கிறது. விசேஷ வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடும்போதும், குங்குமம் கொடுக்கும்போதும், என் முன்னால் வந்ததும் தட்டு ஒரு கணம் நிற்கும். கொடுப்பவர்களுக்கே என்ன செய்வது என்று தெரியாது. அந்தச் சங்கடத்தைக் கொடுக்கவேண்டாம் என்றுதான் விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். அதை இப்படி உட்கார வைத்து யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

"நின்னுக்கிட்டே இருக்காத. வா" என்றார் அக்கா.

"தலை வழியா மாட்டிரலாமேக்கா, முடிஞ்சு குடுத்தா?"

"தலை வழியா மாட்டுனா அது மாலை. கழுத்துல வச்சு முடியணும்."

அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஸ்டூல் உயரம், அக்காவும் உயரம். இரண்டு கையையும் தோளுக்குச் சமமாகத் தூக்க வேண்டியிருந்தது. வலது கை பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். தோளுக்குள் ஏதோ உரசுகிற மாதிரி வலித்தது. அக்காவின் பிடரியில் வியர்வையும் மஞ்சளும் கலந்த வாசனை. அம்மா போன பிறகு நான் இன்னொருவர் உடம்பை இவ்வளவு பக்கத்தில் தொட்டதில்லை. ஒரு முடிச்சுப் போட்டேன். கல்யாணங்களில் பார்த்த ஞாபகத்தில் இரண்டாவது போட்டேன். மூன்றாவதையும் போட்டு நன்றாக இறுக்கினேன்.

பிசியோதெரபிப் பெண் செயினின் திருகைத் திருகிக் கழற்றினார். மெஷின் ஓடியது. அக்கா அன்றைக்கு என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை. நாளைக்கும் மருமகள் வரமாட்டாள், நாளைக்கும் நான்தான் கட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

முடிந்ததும் செயினை மாட்டிவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழவில்லை. வியர்வையில் நனைந்து மூன்று முடிச்சும் ஒன்றாக இறுகியிருந்தது. என் நகத்தால் முடியவில்லை. பிசியோதெரபிப் பெண்ணும் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயையோ!" என்று அக்காவும் முழங்கால் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மஞ்சள் கயிற்றில் கத்தரிக்கோல் வைப்பதா?

"ஏத்தா, அவுக்கிற கயித்துக்கு யாராச்சும் மூணு முடிச்சுப் போடுவாகளா? மருமக சும்மா ஒரு சுருக்கு முடிச்சுத்தான் போடுவா" என்றார் அக்கா.

"எனக்குத் தெரியலக்கா. தாலின்னா மூணுன்னு நினைச்சேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பிடித்துக்கொண்டார். "சரி விடு. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். இனிமே தினம் கட்டி அவுக்கிற வேலை இல்ல. முந்தியே இப்படிப் போட்டிருக்கலாம்."

வாசலில் பைக்கோடு நின்ற வீட்டுக்காரர், கயிறும் செயினுமாக வந்த அக்காவைப் பார்த்துவிட்டு, "என்ன, உள்ள போயி ரெண்டாங் கல்யாணம் முடிச்சுட்டியா?" என்றார்.

"ஆமா. இந்தா நிக்கிதுல்ல, இந்தப் பிள்ளைதான் கட்டுச்சு. ஒங்களவிட நல்லா இறுக்கமாக் கட்டியிருக்கு."

அவர் எனக்குக் கும்பிடு போட்டார். பைக் போய்விட்டது.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கயிறு கட்ட யாரும் தேவைப்படவில்லை. என் முடிச்சு அவர் கழுத்திலேயே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி அந்தக் கயிற்றை மட்டும் பார்ப்பேன். சில நாளில் அக்காவின் சிகிச்சை முடிந்தது. கழுத்து நன்றாகத் திரும்புகிறது, தோள் முக்கால்வாசி என்றார். "நெற்குப்பைப் பக்கம் வந்தா வீட்டுக்கு வா" என்றார். வருகிறேன் என்றேன். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் எப்போதும் வராது.

லீவு ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை தம்பி காரோடு வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக, "கையைத் தூக்கு, பாப்போம்" என்றான். வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் நின்று தூக்கினேன். காதுக்கு மேலே வரை ஏறியது.

"பின்னாடி?"

பின்னால் இடுப்புவரைதான் போனது.

"பாதிதான் சரியாயிருக்கு. நான் சொன்னேன்ல. ஒன் தம்பி பொண்டாட்டி ஒனக்குன்னு பீரோல ஒரு தட்டு காலி பண்ணி வச்சிருக்கா. துணிய எடுத்து வையி."

"பாதி போதும்டா. மீதி தானா வரும்."

"தலை?"

"முன்னாடி போட்டுப் பின்னிக்கிறேன். வருது." அன்று காலையில்தான் வந்திருந்தது. கோணலாக இருந்தாலும் பின்னல்தான்.

"அக்கா, பிடிவாதம் பிடிக்காத. ஊர்ல நாலு பேரு என்னையத்தான் கேப்பாக."

"கேட்டா அவதான் வரலைன்னுட்டான்னு சொல்லு." என் வாயிலிருந்து இது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. "கை தூக்குனா இருந்துக்கலாம்னு நீதான சொன்ன. தூக்கிட்டேன்."

அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்தான். மேல் அலமாரியிலிருந்த அப்பளக் கூடையை வலது கையால் எடுத்தேன். அவன் பார்த்தானா என்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்தான். போகும்போது, "தினமும் ஒரு போனாவது போடு" என்றான். கார் திரும்பித் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அக்காவின் போன் நம்பரை வாங்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே வந்து அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவினேன்.

மறுநாள் சிகிச்சைக்குப் போனேன். மாதாந்திர மின்தடை என்று சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. மெஷின் ஓடாது, நாளைக்கு வாருங்கள் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னார். தம்பி வந்துபோன கதையை யாரிடமும் சொல்லாமலே பஸ் ஏறிக் கானாடுகாத்தானுக்கு வேலைக்குப் போனேன்.